முள் ஏறாத வண்டி

ஒரு மனுஷனைத் திருடன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். புருஷோத்தமன் முதலாளி அப்படித்தான் சொன்னார். அரசப்பன் டீக்கடையில் உப்பு லாரி டிரைவர்கள் எல்லாரும் கூடியிருந்த காலை வேளையில், "கலியன் என் வண்டியில டீசல் உறிஞ்சி விக்கிறான்பா" என்று சொல்லிவிட்டு, மிச்ச வடையைக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

கலியன் என் வீட்டுக்காரர். முதலாளியின் காரைப் பல வருஷமாக ஓட்டுகிறவர். முதலாளிக்கு மரக்காணம் உப்பளத்தில் நிறையப் பாத்திகள் உண்டு. அதில்தான் நானும் வேலை செய்கிறேன். தை மாசம் மழைத்தண்ணியை வடித்துவிட்டு, அடுத்த உப்புக்காகப் பாத்தியை மிதித்துச் சமப்படுத்துவோம். சேற்றில் நின்று மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்திலிருந்த சின்னப்பாப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "ஏண்டி மலரு, உங்கூட்டுக்காரு டீசல் விக்கிறாராமே?" என்று. ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியாகத்தான் பெண்டாட்டி காதுக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்தால் மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நிஜமா என்று நான் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டு முருங்கைக்காய் எங்கள் கூரை மேல் விழுந்தால் அதை எடுத்துப்போய் அவர்களிடமே கொடுத்துவிட்டு வருகிற ஆள் அவர். குழம்புக்குக் காய் இல்லாத நாளிலும் அப்படித்தான் செய்வார். எனக்கு அதில் கோபம் வந்ததுண்டே தவிர, சந்தேகம் வந்ததில்லை.

முதலாளியின் கணக்கு இதுதான். முன்பெல்லாம் டேங்கை நிரப்பினால் பல நாள் ஓடிய வண்டி, போன வருஷக் கோடைக்குப் பிறகு சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகிறது. ஓடுகிற தூரம் அதே தூரம். டீசல் வண்டியில் இல்லை என்றால் வேறெங்கே? கலியன் வீட்டில்தான். இவ்வளவு பெரிய உப்பளத்தை ஆளுகிற மூளைக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

இதில் பெருந்தன்மை வேறு. "போலீஸ் கீலீஸ்னு நான் போக மாட்டேன். பழகின மனுஷன். வெள்ளிக்கெழமை புத்துப்பட்டு அய்யனார் முன்னாடி சூடம் அணைச்சு, நான் எடுக்கலைன்னு சத்தியம் பண்ணிடட்டும். அதோட விட்டுடறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சன்னதி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் அய்யனார் பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் கோர்ட்டை விட இதற்குத்தான் பயம் அதிகம்.

கலியன் ஒத்துக்கொண்டுவிட்டார். "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? அணைச்சிட்டு வந்துடறேன், முடிஞ்சிடும்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "எங்கேய்யா முடியும்? அங்கதான் ஆரம்பிக்கும். நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தா? ஆடு ஒண்ணு செத்துதுன்னா? நீ கால் தடுக்கி விழுந்தா? பாத்தியா, பொய் சத்தியம் பண்ணான், அய்யனாரு காட்டிட்டாருன்னு பேசுவானுங்க. காய்ச்சல் வராத வீடு எந்த ஊர்ல இருக்குது?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்றே? அணைக்கலைன்னா திருடன்னு முடிவாயிடும். வேலையும் போயிடும்."

"அணைச்சாலும் திருடன், அணைக்காட்டியும் திருடன். நல்ல ஞாயம்டா இது!"

கத்தியது நான்தான். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பேரும் அவர் வேலையும் ஒரு சூடத் துண்டில் தொங்குவதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பனி மூட்டமாக இருந்தது. நானும் வருவேன் என்று போய் நின்றேன். முதலாளி ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கள் கால்பட்டு விளைந்த உப்பை விற்று வாங்கிய கார். ஆனால் உப்பளத்துப் பெண் யாரும் அதில் ஏறியதில்லை. "சரி, முன்னாடி ஒக்காரு. காலைத் தட்டிட்டு ஏறும்மா" என்றார். நான் குளித்து, வெள்ளிக்கிழமைப் புடவை கட்டி வந்திருந்தேன். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

அந்தக் காட்சியை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். திருடன் வண்டியை ஓட்டுகிறான். பறிகொடுத்தவர் பின்சீட்டில் கையை விரித்துச் சாய்ந்து உட்கார்ந்து, தன்னைத் திருடனிடமே ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார். உயிரை நம்பிக் கொடுக்கலாமாம், டீசலை நம்பிக் கொடுக்கக் கூடாதாம்!

கிளப்பும்போதே வண்டி இருமியது. பின்னால் வெள்ளையாகப் புகை. உப்பளத்தைத் தாண்டி ஈசிஆருக்கு வந்தும் அதற்குச் சுறுசுறுப்பு வரவில்லை. எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் தடவையாக முன்சீட்டில் உட்கார்ந்ததால், எதிரே இருந்த வட்டங்களை எல்லாம் வேடிக்கை பார்த்தேன். வேகம் காட்டுகிற முள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னொரு முள். அது கிளம்பின இடத்திலேயே கிடந்தது.

"இது ஏன் படுத்தே கெடக்குது?" என்று கேட்டேன்.

"அது இன்ஜின் சூட்டைக் காட்டுற முள்ளு. கொஞ்ச தூரம் போனதும் நடுவுக்கு ஏறி நிக்கணும். ஏற மாட்டேங்குது" என்றார் கலியன்.

"எப்பலேர்ந்து?"

"போன கோடைக்கு அப்புறம்தான். வண்டி சூடேற ரொம்ப நேரம் ஆவுது. சில நாளு ஏறவே ஏறாது."

போன கோடைக்கு அப்புறம். எனக்குள் ஏதோ இடித்தது. டீசல் குறைவதாக முதலாளி சொல்வதும் அதே கோடைக்கு அப்புறம்தானே? "மொதலாளிகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"எத்தினியோ வாட்டி சொன்னேன்."

பின்சீட்டிலிருந்து கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். வண்டி சூடாகலைன்னா சந்தோஷப்படுவியா, அதையும் ஒரு கொறைன்னு சொல்றானே! நம்ம ஊரு வெயிலுக்கு வண்டி ஜில்லுனு ஓடுதுன்னா அது கொடுத்து வெச்ச வண்டிப்பா."

அனுமந்தை தாண்டியது, கூனிமேடு தாண்டியது. முள் அசையவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை தூரம் ஓடியும் காயாத இன்ஜினுக்கு ஏதோ நோவு இருக்க வேண்டும். நோயாளி கூடக் கொஞ்சம் சாப்பிட்டால் அதற்குச் சமைத்தவனையா திருடன் என்பார்கள்?

கீழ்புத்துப்பட்டு கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். முதலாளி தன் கையால் சூடம் வாங்கி, பொட்டலத்தைக் கலியனிடம் நீட்டினார். அவர் வாங்குவதற்குள் நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"இன்னாம்மா இது?"

"மொதல்ல வண்டிய ஒரு மெக்கானிக்கு பாக்கட்டும் மொதலாளி. வண்டியில ஒண்ணுமில்லைன்னு அவரு சொல்லிட்டா, என் புருஷன் அணைப்பாரு. நானும் கூட நின்னு அணைக்கிறேன்."

"சாமி வாசல்ல வந்து நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

"சாமிகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட கேக்கணும் மொதலாளி. அய்யனாரு இன்ஜினைக் கழட்டியா பாப்பாரு? அவருக்கு வேற வேலை இல்லையா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கலியன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கூச்சமாக இல்லை. கூச்சப்பட வேண்டியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் இன்னும் ஒன்று சொன்னேன். "பொய் சத்தியம் பண்றவனை மட்டும்தான் அய்யனாரு கேப்பாருன்னு நெனைக்காதீங்க. பொய்ப் பழி போட்டவனையும் கேப்பாரு. இங்க அணைக்கச் சொன்னவரு பேரும்தான் அவரு கணக்குல சேந்து ஏறும்."

அது வேலை செய்தது. உப்பு விலை இறங்கினால்கூட ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனுஷன் அவர். சன்னதிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சரி, கோட்டக்குப்பத்துல நம்ம முஜீப் பாய்கிட்டயே காட்டுவோம். உங்க ஆளு யாருகிட்டயும் வேணாம்" என்றார். மெக்கானிக்கை அவரே தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

முஜீப் ரஹ்மான் சவூதியில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து கோட்டக்குப்பத்தில் ஷெட் போட்டவர். அவர் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்வார்கள் என்று கலியன் சொல்லியிருக்கிறார். "ஜும்மா தொழுகைக்குப் போகணும், சட்டுனு சொல்லுங்க" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கலியன் சொன்னதை முழுசாகக் கேட்டார். பானட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகிற மேல் குழாயைக் கையால் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"எங்கேர்ந்து ஓட்டிட்டு வர்றீங்க?"

"மரக்காணத்துலேர்ந்து."

"மரக்காணத்துலேர்ந்து வந்த வண்டியில இந்தக் குழாயை இப்பிடிப் புடிச்சிட்டு நிக்க முடியாது. கை வெந்துடும்."

முள் பொய் சொல்கிறதோ என்று முதலில் அதைப் பார்த்தார். துப்பாக்கி மாதிரி இருந்த ஒரு கருவியை இன்ஜின் பக்கம் நீட்டிச் சூட்டை அளந்தார். முள் சொன்னது நிஜம்தான். அப்புறம் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து போட்டு, நன்றாக ஆறவிட்டார். மறுபடி கிளப்பும்போது முதலாளியையே கூப்பிட்டார்.

"நீங்களே புடிங்க. இன்ஜின் நல்லா காயுற வரைக்கும் இந்தக் குழாய் ஜில்லுனு இருக்கணும். காஞ்சதுக்கு அப்புறம் ஒரேடியா சுடணும். அதான் மொறை."

முதலாளி மோதிரக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்திலேயே, "வெதுவெதுன்னு வருதே பாய்" என்றார்.

"வரக் கூடாது. உள்ள தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு வால்வு இருக்குது. இன்ஜின் காயுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு வுடாம மூடி வெக்கும். காஞ்சதும் தொறக்கும். இது தொறந்தே மாட்டிக்கிச்சுன்னு நெனைக்கிறேன்."

ஸ்பானரை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினார். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தவர் கலியனைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "மாட்டிக்கல. இல்லவே இல்ல. எவன்யா கழட்டினவன்?"

கலியன் பதறிப்போய்விட்டார். "எனக்குத் தெரியாது பாய், சத்தியமா நான் கைய வெக்கல" என்றார். பாவம், அதற்கும் தன்மேல்தான் பழி வரும் என்று நினைத்துவிட்டார். இந்த மனுஷனைத்தான் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்!

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அது... நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார்.

விஷயம் இப்படி. போன சித்திரையில் கலியன் தன் அம்மாவின் காரியத்துக்குப் பெருமுக்கல் போயிருந்தார். அந்தச் சமயம் முதலாளியின் அக்கா மகன் சதீஷ் காரை ஓட்டியிருக்கிறான். ரேடியேட்டரில் தண்ணி குறைந்ததைப் பார்த்துவிட்டு, உப்பளத்து மோட்டார் கொட்டகையில் வருகிற தண்ணியைப் பிடித்து ஊற்றியிருக்கிறான். எங்கள் பாத்தியில் உப்பு விளைகிற தண்ணி அது! வால்வில் உப்புப் பூத்து, அது மூடியபடியே இறுகிவிட்டது. உப்பளக் கரை மேல் போகும்போது வண்டி கொதித்து நின்றிருக்கிறது. உப்பு லாரிகளுக்கு வேலை பார்க்கிற ஒருவன் வந்து, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு? இங்க எல்லா வண்டியிலயும் கழட்டித்தான் வுட்ருக்குது" என்று வால்வைப் பிடுங்கித் தூர வீசிவிட்டான். முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. அதன் பிறகு வண்டி ஒரு நாளும் கொதிக்கவில்லை.

"கொதிக்கலைதான். காயவும் இல்லையே!" என்றார் பாய். "காத்துல அடுப்பு வெச்சா எவ்வளவு வெறகு போட்டாலும் உலை கொதிக்குமா? இன்ஜின் காயலைன்னா டீசலை அள்ளி அள்ளிக் குடிக்கும். அதுலயும் நீங்க ஊட்டுலேர்ந்து உப்பளம், உப்பளத்துலேர்ந்து ஊடுன்னு துண்டு துண்டா ஓட்டுறீங்க. எப்படி காயும்? இன்னும் கொஞ்ச நாளு போனா இன்ஜினே போயிருக்கும்."

"டீசல் குடிக்குமா?" என்றார் முதலாளி. இதைத்தான் அத்தனை மாசமாகக் கேட்டிருக்க வேண்டும்.

"பின்ன, உங்க டிரைவரா குடிச்சாரு?"

பாய்க்கு எங்கள் கதை தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததைப் பார்த்து, மேலே கேட்காமல் புது வால்வு எடுத்துவரப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அழுகை இல்லை, அத்தனையும் கோபம். தான் பிடுங்கச் சொன்னதைத் தானே மறந்துவிட்டு, ஊர் நடுவில் ஒருவன் பேரைப் பிடுங்கியிருக்கிறார்!

உள்ளே படிந்திருந்த உப்பைக் கழுவி, வால்வைப் பொருத்தி, நல்ல கூலன்ட் ஊற்றி, ஜும்மாவுக்கு முன்னால் பாய் எங்களை அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது புத்துப்பட்டு வருவதற்கு முன்பே முள் எழுந்தது. மெல்ல மெல்ல ஏறி, நடுவில் போய் நின்றுவிட்டது. வண்டியும் இருமலை விட்டுவிட்டு, சொன்ன பேச்சுக் கேட்டது. கலியன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

கோயில் திருப்பம் வந்ததும் முதலாளி முன்னால் சாய்ந்தார். "ஏம்பா கலியா, சூடம்தான் வாங்கியாச்சே. எதுக்கும் ஒரு வாட்டி அணைச்சிடேன். ஊரு வாயை அடைச்ச மாதிரி இருக்கும்."

அடப் பாவி மனுஷா! நான் முந்தானையை அவிழ்த்துப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினேன். "நீங்க அணைங்க மொதலாளி. வால்வைக் கழட்டினது நான் இல்லைன்னு சொல்லி அணைங்க. நான் எறங்கி வந்து பக்கத்துல நிக்கறேன்."

அவர் கை நீளவில்லை. வண்டி திருப்பத்தைத் தாண்டிப் போனது.

"சரிம்மா, தப்பு வண்டி மேலதான். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரட்டும். போதுமா?"

"போதாது. டீக்கடையில சொன்னீங்க இல்ல? அங்கயே வந்து சொல்லுங்க, கலியன் எடுக்கலைன்னு. காருக்குள்ள சொன்னா எனக்கும் எம்புருஷனுக்கும்தான் கேக்கும். எங்களுக்குத்தான் அது மொதல்லயே தெரியுமே!"

"சொல்லிடறேன், சொல்லிடறேன். அதுக்கு இன்னா."

அரசப்பன் கடையில் மத்தியானப் பாரம் ஏற்றி முடித்த லாரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி இறங்கி, எல்லாருக்கும் டீ சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து, கலியன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு மாதிரியே சத்தமாகச் சொன்னார்: "நம்ம கலியன் விஷயத்தை முடிச்சிட்டேன்பா. பழகின ஆளு, குடும்பஸ்தன். மனசு கேக்கல. மன்னிச்சு வேலைக்குச் சேத்துக்கிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கலியன் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். இத்தனை நாளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர்.

"எதை மன்னிச்சீங்க மொதலாளி?" என்று கேட்டார்.

"விடுப்பா, ஒரு பேச்சுக்குச் சொல்றது..."

"திருடன்னு சொன்னதும் பேச்சுக்குத்தானா? வால்வைக் கழட்டினது யாருன்னு சொல்லுங்க. டீசலைக் குடிச்சது எதுன்னு சொல்லுங்க. அப்புறம் நான் வர்றேன்." கார் சாவியை டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தார்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "போடா! உன்னை வுட்டா ஊர்ல டிரைவரே இல்லையா?" என்று எழுந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "யாராச்சும் இதை எடுத்துட்டு வந்து ஊட்டுல வுடுங்கப்பா" என்றார்.

பெஞ்சு நிறைய டிரைவர்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார், "எங்களுக்குப் பயமா இருக்குது மொதலாளி. நாளைக்கு டீசல் கொறைஞ்சா எங்களையும் புத்துப்பட்டுக்குக் கூப்புடுவீங்க."

கடையே சிரித்தது. அரசப்பன்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். முதலாளி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே பார்த்துக்கொண்டு, "கலியன் எடுக்கல" என்றார்.

"கேக்கல மொதலாளி" என்றார் அரசப்பன்.

"கலியன் எடுக்கலைய்யா! வால்வை நான்தான் கழட்டச் சொன்னேன். வண்டிதான் குடிச்சிது. நான்தான் தெரியாம பேசிட்டேன். போதுமா?"

கலியன் சாவியை எடுத்துக்கொண்டார். எப்போதும்போலப் போய் முதலாளிக்குப் பின்கதவைத் திறந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திறக்கவில்லை. நேரே தன் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். முதலாளி கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தன் கையாலேயே திறந்து ஏறிக்கொண்டார்.